சிடி போதுமா, பெட் சிடி வேண்டுமா? புற்றுநோய் ஸ்கேன்களில் எது எப்போது

"டாக்டர் சிடி எழுதியிருக்கார். ஆனா பெரியப்பா, பெட் சிடியே எடுத்துடுங்க, ஒரே தடவையில உடம்பு பூரா தெரிஞ்சிடும்ங்கிறார். எதை எடுக்கிறது?"

பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்த வீட்டில் முதல் வாரத்திலேயே எழுகிற பேச்சு இது. நேர்மாறாகவும் கேட்பார்கள்: "போன மாசம்தான் சிடி எடுத்தோம். இப்ப பெட் சிடி எடுக்கச் சொல்றாங்க. அதுலயும் சிடி இருக்கே, எதுக்கு ரெண்டு தடவை?"

இரண்டும் நியாயமான கேள்விகள். விலை கூடின ஸ்கேன்தான் நல்ல ஸ்கேன் என்ற கணக்கு இங்கே செல்லாது. அதே ஆள், அதே நோய் என்றாலும் சிகிச்சை தொடங்கும்போது தவிர்க்கவே கூடாத பெட் சிடி, குணமான பிறகு வெறும் மனத் திருப்திக்கு எடுக்கும்போது வீண் செலவாகி, சில சமயம் வீண் பயாப்ஸியிலும் கொண்டுபோய் விட்டுவிடும். ஸ்கேனை முடிவு செய்வது புற்றுநோய் மருத்துவர்தான். ஆனால் "எதற்காக இது?" என்று கேட்கும் உரிமை பணம் கட்டுகிறவருக்கும் படுத்துக் கொள்கிறவருக்கும் உண்டு. அப்படிக் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒப்பிடப் போவது நான்கு: படம் தெளிவாகத் தெரிவதற்கான (கான்ட்ராஸ்ட்) மருந்து ஊசி போட்டு எடுக்கும் சிடி, எஃப்டிஜி என்ற கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு எடுக்கும் பெட் சிடி, பெட் எம்ஆர்ஐ, எலும்பு ஸ்கேனோடு சேர்ந்த ஸ்பெக்ட் சிடி. முதலாவது தனி ஸ்கேன். மற்ற மூன்றும் உறுப்பின் வடிவத்தையும் அதன் செயல்பாட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டும் கூட்டு ஸ்கேன்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், சிகிச்சை மாறுமா என்பது. ஸ்கேனில் ஒன்று தெரிந்தால் ஆபரேஷன், தெரியாவிட்டால் கீமோ என்று இரண்டு பாதை இருந்தால் அந்த ஸ்கேனுக்குப் பெறுமதி உண்டு. எப்படி வந்தாலும் அதே கீமோதான் என்றால், அந்தப் பணம் சிகிச்சைக்கு உதவட்டும்.

இரண்டாவது, இந்தப் புற்று அந்த ஸ்கேனுக்குக் கண்ணில் படுமா என்பது. எல்லாப் புற்றும் எல்லா ஸ்கேனிலும் தெரிவதில்லை. பெட் சிடியை "உடம்பு பூரா பார்க்கிற ஸ்கேன்" என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

மூன்றாவது, புற்று இல்லாத இடத்தில் புற்றுபோலக் காட்டும் வாய்ப்பு. காசநோய் சகஜமாக இருக்கும் நம் ஊரில் இதற்குத் தனி எடை கொடுக்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகளைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் இது சேர்த்துத்தான்.

இவற்றுக்குப் பிறகுதான் சர்க்கரை, சிறுநீரகம், அசையாமல் படுத்திருக்க முடியுமா, கதிர்வீச்சு, பணம், பயணம் எல்லாம் வரும். பணத்தைக் கடைசியில் சொன்னதால் அது சின்ன விஷயம் என்று பொருளில்லை. முதல் மூன்றுக்கும் விடை தெரியாமல் பணத்தைப் பற்றி முடிவெடுக்க முடியாது என்பதால் அந்த வரிசை.

## ஒரு பார்வையில்

| | மருந்து ஊசி போட்ட சிடி | பெட் சிடி (எஃப்டிஜி) | பெட் எம்ஆர்ஐ | எலும்பு ஸ்கேன் + ஸ்பெக்ட் சிடி |
|---|---|---|---|---|
| காட்டுவது | கட்டியின் அளவு, இடம், ரத்தக் குழாயோடு ஒட்டு | குளுக்கோஸை அதிகம் இழுக்கும் திசு, அதன் இடம் | அதே, மென்திசுக்கள் இன்னும் தெளிவாக | எலும்பு புதிதாக வளரும் இடங்கள் |
| ஆகும் நேரம் | மேசையில் சில நிமிடம் | மொத்தம் அரை நாள் | அரை நாள், மேசையில் நெடுநேரம் | ஊசிக்குப் பின் 2 முதல் 4 மணி நேரக் காத்திருப்பு |
| முன்னேற்பாடு | சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை | 4 முதல் 6 மணி நேரப் பட்டினி, சர்க்கரைக் கட்டுப்பாடு | அதே. உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று சரிபார்ப்பு | பட்டினி வேண்டாம், தண்ணீர் நிறைய |
| கதிர்வீச்சு | நடுத்தரம் | சிடி எடுக்கும் விதத்தைப் பொறுத்து நடுத்தரம் முதல் அதிகம் | குறைவு | குறைவு |
| செலவு | சில ஆயிரம் | பெரும்பாலும் பத்தாயிரத்துக்கு மேல் | பெட் சிடியைவிடக் கணிசமாக அதிகம் | நான்கில் மலிவான பக்கம் |
| சறுக்கும் இடம் | அளவு பெருக்காத நெறிக்கட்டி | காசநோய், மூளை, மெதுவாக வளரும் புற்றுகள் | நுரையீரலின் சிறு புள்ளிகள் | எலும்பை அரிக்க மட்டும் செய்யும் மயலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்று) போன்றவை |

## மருந்து ஊசி போட்டு எடுக்கும் சிடி

மலிவு, வேகம், மாவட்டத் தலைநகரங்களிலேயே கிடைப்பது என்ற மூன்றும் சிடியின் பக்கம். கட்டி எவ்வளவு பெரியது, பக்கத்து ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா, கல்லீரலில் புள்ளிகள் உண்டா என்று அறுவை மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு நல்ல தரத்தில் எடுத்த சிடியே பதில் சொல்லிவிடும்.

அதன் குறை, நெறிக்கட்டிகளை அது அளவை வைத்தே எடைபோடுகிறது என்பது. பொதுவாகக் குறுக்குவாக்கில் 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகம், அதற்குக் கீழே இருந்தால் சாதாரணம். 7 மில்லிமீட்டரிலும் புற்று உட்கார்ந்திருக்கலாம். 15 மில்லிமீட்டருக்கு வீங்கிய கழுத்து நெறி சொத்தைப் பல்லாலும் வந்திருக்கலாம்.

இன்னொரு குறை சிகிச்சைக்குப் பிறகு வெளிப்படும். கீமோ முடிந்தபின் மார்பில் 3 சென்டிமீட்டருக்கு ஒரு மிச்சம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உயிருள்ள புற்றா, செத்துப்போன தழும்பா என்று சிடியால் சொல்ல முடியாது. பெட் சிடி தன் விலைக்கான வேலையைச் செய்யும் முக்கியமான தருணம் அதுதான்.

சிடியின் மறைமுகச் செலவு சிறுநீரகம். கிரியாட்டினின் கூடியிருப்பவர்களுக்கு மருந்து ஊசி போடத் தயங்குவார்கள். அப்போது ஊசி இல்லாமல் ஒரு சிடி எடுத்துவிட்டு, "சரியாகத் தெரியவில்லை, எம்ஆர்ஐ எடுங்கள்" என்று இரண்டாவது செலவு வரும். அந்த நிலையில் இருப்பவர்கள் ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட்டால் ஒரு சுற்று மிச்சம்.

## பெட் சிடி

ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் குளுக்கோஸ் போன்ற ஒரு மூலக்கூறில் ஏற்றி ஊசியாகப் போடுகிறார்கள். அதுதான் எஃப்டிஜி. வேகமாக வளரும் புற்றுச் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுக்கும் என்பதை 1920களில் ஓட்டோ வார்பர்க் கவனித்தார். அதையே படமாகப் பிடிப்பதுதான் பெட். பெட் தனிக் கருவியாக இருந்த காலத்தில் ஒளிரும் புள்ளி தெரியும். அது நெறியிலா, ஒட்டியுள்ள தசையிலா என்று அடித்துச் சொல்வது கஷ்டம். டேவிட் டவுன்சென்டும் ரொனால்ட் நட்டும் சேர்ந்து உருவாக்கிய முதல் கூட்டுக் கருவி 1998இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யத் தொடங்கியது. ஒரே மேசையில், ஒரே படுக்கையில், இரண்டு படமும். சில வருடங்களிலேயே தனி பெட் கருவிகளின் காலம் ஏறக்குறைய முடிந்துபோனது.

### பெறுமதி எங்கே

நெறிக்கட்டிகளில் தோன்றும் புற்றான லிம்ஃபோமாவில் சந்தேகமே வேண்டாம். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலும் வேகமாக வளரும் பெரும்பாலான மற்ற வகைகளிலும் நிலை கணிக்கவும், கீமோ வேலை செய்கிறதா என்று பார்க்கவும் பெட் சிடிதான் அளவுகோல். ஒளிர்வைக் கல்லீரலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். ரிப்போர்ட்டில் "டோவில்" என்று பார்த்தால் அதுதான். 2016இல் வெளியான ராத்தல் ஆய்வில், ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு இரண்டு சுற்றுக் கீமோவுக்குப் பின் பெட் சிடி எடுத்து, அது சுத்தமாக வந்தவர்களுக்கு நுரையீரலைப் பாதிக்கும் பிளியோமைசின் மருந்தை மீதிச் சுற்றுகளில் விட்டுவிட்டார்கள். நோய்க் கட்டுப்பாடு பெரிதாகக் குறையவில்லை. நுரையீரல் பாதிப்பு குறைந்தது. ஸ்கேன் சிகிச்சையை மாற்றுவது என்றால் இதுதான்.

வாய், தொண்டைப் புற்று நம்மிடம் அதிகம் என்பதால் இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 564 பேரிடம் நடந்து 2016இல் வெளியானது. ரேடியேஷனும் கீமோவும் முடிந்தபின் எல்லோருக்கும் கழுத்தைத் திறந்து நெறிக்கட்டிகளை எடுப்பது ஒரு வழி. 12 வாரம் கழித்துப் பெட் சிடி எடுத்து, சந்தேகம் இருப்பவர்களுக்கு மட்டும் எடுப்பது இன்னொரு வழி. இரண்டு பக்கமும் உயிர்பிழைப்பு ஏறக்குறைய ஒன்று. ஆனால் கழுத்து ஆபரேஷன்கள் ஒரு பக்கம் 221, பெட் சிடி எடுத்த பக்கம் 54. தோள் தூக்க முடியாமல், கழுத்து இறுகிப்போய் வாழ்வதிலிருந்து தப்பியவர்கள் எத்தனை பேர் என்று அந்த வித்தியாசத்திலேயே தெரிகிறது.

நுரையீரல் புற்றில் ஆபரேஷன் செய்யலாம் என்று சிடி சொன்னபிறகு பெட் சிடி எடுப்பது இப்போது வழக்கம். டென்மார்க்கில் 2009இல் வெளியான ஆய்வில், பெட் சிடி இல்லாமல் ஆபரேஷனுக்குப் போன 73 பேரில் 38 பேருக்கு மார்பைத் திறந்தது பலனில்லாமல் போனது. பெட் சிடி எடுத்துவிட்டுப் போன 60 பேரில் அது 21. பாதிக்கும் மேல் என்பது மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆயுள் நீளாவிட்டாலும், தேவையில்லாமல் நெஞ்சைப் பிளக்காமல் விட்டது சின்ன லாபமில்லை என்பது என் கருத்து.

இங்கே நம் ஊர்க்காரர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். டென்மார்க்கில் காசநோய் அபூர்வம். இங்கே நடுமார்பில் ஒரு நெறிக்கட்டி ஒளிர்ந்தால் அது புற்று பரவியதாகவும் இருக்கலாம், பழைய காசநோயாகவும் இருக்கலாம். எஃப்டிஜி இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அந்த ஒளிர்வை மட்டும் வைத்து "நோய் பரவிவிட்டது, ஆபரேஷன் முடியாது" என்று முடிவு கட்டினால், குணமாகக்கூடிய ஒருவருக்கு ஆபரேஷனை மறுத்ததாகிவிடும். மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டு எடுக்கும் ஈபஸ் பயாப்ஸியோ வேறு வழியோ, அந்த நெறியிலிருந்து திசு எடுத்துப் பார்த்த பிறகுதான் முடிவு. மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

### எங்கே வேண்டாம்

அறிகுறி எதுவும் இல்லாத ஆரம்பநிலை மார்பகப் புற்றில் உடல் முழுக்கத் தேடுவது பலன் தராது. ஆரம்பநிலை மார்பகம், ஆரம்பநிலை புராஸ்டேட் இரண்டுக்கும் பெட், சிடி, எலும்பு ஸ்கேன் வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012லேயே தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டது. பரவியிருக்க வாய்ப்பு மிகக் குறைவான இடத்தில் தேடினால், கிடைப்பதில் பெரும்பகுதி தவறான சந்தேகம்தான்.

குடல் புற்று கல்லீரலுக்கு மட்டும் பரவி, அதை வெட்டி எடுக்கலாம் என்ற நிலையில் கனடாவில் பெட் சிடியைச் சோதித்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில் அறுவைத் திட்டம் மாறியது நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவு. நுரையீரலில் அவ்வளவு உதவிய அதே கருவிதான். புற்று மாறினால் பலனும் மாறிவிடுகிறது.

சில புற்றுகள் எஃப்டிஜியை இழுப்பதே குறைவு. சளி சுரக்கும் வகை வயிறு, குடல் புற்றுகள், சிக்னெட் ரிங் செல் வகை, மார்பகத்தில் லோபுலர் வகை, கல்லீரலிலேயே தோன்றும் புற்றில் ஒரு பகுதி, பெரும்பாலான புராஸ்டேட் புற்று எல்லாம் இதில் வரும். ரிப்போர்ட்டில் "எதுவும் ஒளிரவில்லை" என்று வந்தால் நிம்மதியாவதற்கு முன் பயாப்ஸியில் வகை என்ன என்று பாருங்கள். 8 மில்லிமீட்டருக்குக் கீழான புள்ளிகளும் தவறிப்போகும். மூளை தானாகவே குளுக்கோஸை அள்ளி ஒளிர்வதால் அங்கே பரவியது அந்த ஒளியில் மறைந்துவிடும். மூளைக்குத் தனி எம்ஆர்ஐதான் வழி.

நல்ல உடம்போடு இருப்பவர் செக்கப் பேக்கேஜில் பெட் சிடி எடுப்பதைப் பற்றி: வேண்டாம். குணமான பிறகு அறிகுறி ஏதும் இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதற்கும் பெரும்பாலான புற்றுகளில் ஆதாரம் இல்லை.

### ரசீதில் வராத செலவுகள்

சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் எஃப்டிஜி புற்றுக்குள் போவது குறைந்து படம் மங்கும். பல மையங்களில் 200க்கு மேல் இருந்தால் ஊசி போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவசரத்துக்கு இன்சுலின் போட்டு உடனே எடுத்தால் மருந்து தசைக்குள் போய், உடம்பு முழுக்க ஒளிரும். மெட்ஃபார்மின் குடலை ஒளிர வைக்கும். வயிற்றுப் பகுதியில் சந்தேகம் இருந்தால் இரண்டு நாள் நிறுத்தச் சொல்வதுண்டு. தானாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மருந்தின் ஆயுள். ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் எல்லா ஊரிலும் இல்லை. பல மையங்களுக்கு வேறு ஊரிலிருந்து விடியற்காலையில் மருந்து வருகிறது. நீங்கள் ஒரு மணி நேரம் தாமதித்தால் உங்கள் பங்கு ஆறிப்போகும். மருந்து வராத நாளில் நீங்கள் வெறும் வயிற்றோடு திரும்ப வேண்டியிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே வந்து தங்குவதற்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

கணக்கான இடைவெளி. கீமோ முடிந்த சில நாட்களிலேயே எடுத்தால் குழப்பமான படம்தான் வரும். பொதுவாக இரண்டு மூன்று வாரமாவது விடுவார்கள். ரேடியேஷனுக்குப் பின் மூன்று மாதம் வரை காத்திருக்கச் சொல்வது, அந்த இடத்தின் புண்ணே புற்றுபோல ஒளிரும் என்பதால். வெள்ளையணுக்களைக் கூட்டும் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும். ஊசி போட்ட தேதியை ஸ்கேன் மையத்தில் சொல்லாமல் விட்டால், "மஜ்ஜையில் பரவியிருக்கலாம்" என்று ஒரு வரி ரிப்போர்ட்டில் ஏறி, வீட்டில் ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

அதிலுள்ள சிடி எந்தத் தரம்? "அதுலயும் சிடி இருக்கே" என்ற கேள்விக்குப் பதில் இங்கே. பெட் சிடியில் எடுக்கும் சிடி இரண்டு விதம். இடம் காட்டுவதற்கு மட்டும் குறைந்த கதிர்வீச்சில், மருந்து ஊசி இல்லாமல் எடுப்பது ஒன்று. தனியாக எடுக்கும் சிடிக்குச் சமமாக, மருந்து ஊசி போட்டு எடுப்பது இன்னொன்று. முதல் விதத்தை வைத்து அறுவை மருத்துவர் ரத்தக் குழாயைப் பார்க்க முடியாது. அடுத்த வாரம் தனியாக ஒரு சிடி எழுதுவார். பதிவு செய்யும்போதே மருத்துவர் எந்த விதம் கேட்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு மையத்தில் சொன்னால் இரட்டைச் செலவு மிச்சமாகும். ஏற்கெனவே நல்ல தரத்தில் மருந்து ஊசி சிடி எடுத்திருந்தால் முதல் விதமே போதும்; கதிர்வீச்சும் குறையும்.

கதிர்வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை. இயற்கையாகவே உலகச் சராசரியில் ஒரு மனிதருக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. முழுத் தர சிடியோடு சேர்ந்த பெட் சிடி அதைப் போலப் பத்து மடங்கை எட்டக்கூடும். 60 வயதில் புற்றுக்குச் சிகிச்சை எடுப்பவருக்கு இது பயப்பட வேண்டிய கணக்கு இல்லை. 12 வயதுக் குழந்தைக்கு நான்கைந்து முறை எடுக்க வேண்டும் என்றால் யோசிக்க வேண்டிய கணக்கு.

## எந்த மருந்தில் பெட்?

பெட் என்றால் எஃப்டிஜி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு பலர் மையத்துக்கு மையம் விலை விசாரிக்கிறார்கள். புராஸ்டேட் புற்றுக்குப் பிஎஸ்எம்ஏ என்ற வேறு மருந்து. ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் மெதுவாக வளர்பவற்றுக்கு டோடாடேட் வகை மருந்து. கருவி ஒன்றே; ஊசிதான் வேறு. மருத்துவர் பிஎஸ்எம்ஏ எழுதியிருக்க, விலை குறைவு என்று எஃப்டிஜி எடுத்துக்கொண்டு வந்தால் மொத்தப் பணமும் வீண்.

புராஸ்டேட்டில் தேர்வு இப்போது தெளிவாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் அபாயம் அதிகமான 302 ஆண்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், பிஎஸ்எம்ஏ பெட் சிடியின் துல்லியம் 92 சதவீதம். சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம். கதிர்வீச்சும் பாதிக்கும் குறைவு. இரண்டு ஸ்கேன், இரண்டு நாள், இரண்டு ரசீது என்று கூட்டிப் பார்த்தால் விலை வித்தியாசமும் அவ்வளவாக உறுத்தாது.

## பெட் எம்ஆர்ஐ

கதிர்வீச்சு குறைவு, இடுப்புப் பகுதியும் கல்லீரலும் மூளையும் தெளிவாகத் தெரியும், குழந்தைகளுக்கு நல்லது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் மையங்கள் மிகக் குறைவு, விலை அதிகம், இரைச்சலான குழாய்க்குள் நெடுநேரம் அசையாமல் படுக்க வேண்டும், பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்குச் சிக்கல், நுரையீரலின் சிறு புள்ளிகள் நழுவும். இவ்வளவும் கொடுத்து வாங்கும் தகவலில் பெரும்பகுதியை, பெட் சிடியும் தேவைப்பட்ட இடத்துக்கு மட்டும் தனி எம்ஆர்ஐயும் சேர்ந்து கொடுத்துவிடும். மீண்டும் மீண்டும் ஸ்கேன் தேவைப்படும் குழந்தை என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு, மருத்துவர் தெளிவான காரணம் சொன்னாலொழிய இதற்காக இன்னொரு மாநிலத்துக்கு ரயில் ஏறத் தேவையில்லை.

## எலும்பு ஸ்கேனும் ஸ்பெக்ட் சிடியும்

பெட் பேச்சில் மறந்துபோகிற ஏழைப் பங்காளன். டெக்னீசியம்-99எம் என்ற மருந்து. ஆறு மணி நேரத்தில் பாதியாகும், சைக்ளோட்ரான் வேண்டாம், பட்டினி வேண்டாம், சர்க்கரைத் தொல்லை இல்லை. மார்பகப் புற்று உள்ளவருக்கு முதுகு வலி வந்திருக்கிறது, எலும்பில் பரவியதா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால் பல நேரம் இதுவே போதும்.

வெறும் எலும்பு ஸ்கேனின் தொல்லை, தேய்மானத்தையும் பழைய முறிவையும் சேர்த்தே ஒளிர வைப்பது. ஐம்பது வயதுக்கு மேல் யாருடைய முதுகில்தான் தேய்மானம் இல்லை? ஒளிர்ந்த இடத்தில் மட்டும், அந்த ஒளிர்வை முப்பரிமாணப் படமாக்கிச் சிடியோடு சேர்த்துக் காட்டும் ஸ்பெக்ட் சிடி எடுத்தால் அந்தப் புள்ளி மூட்டு ஓரத்தில் இருக்கிறதா, எலும்பின் உடலுக்குள் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கலாம். "சந்தேகம் இருந்தால் அதே நாளில் ஸ்பெக்ட் சிடி சேர்ப்பீர்களா?" என்று முன்பே கேட்டுவையுங்கள். சேர்க்காத மையத்தில் எடுத்தால், சந்தேகத்தோடு வீட்டுக்கு வந்து அடுத்த ஸ்கேனுக்கு அலைய வேண்டும். சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் எலும்பு ஆறுவதே அதிகம் ஒளிர்ந்து நோய் கூடியதுபோலத் தோன்றலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். மயலோமாவுக்கு இது பொருந்தாது. அங்கே பெட் சிடியோ எம்ஆர்ஐயோதான்.

## நோய்வாரியாக என் சாய்வு

லிம்ஃபோமா: கடன் வாங்கியாவது தொடக்கத்தில் பெட் சிடி. முதல் படம் இல்லாமல் பிறகு எடுப்பதை ஒப்பிட ஆளில்லை.

ஆபரேஷனுக்குத் தகுதியான நுரையீரல் புற்று: பெட் சிடியும், பெரும்பாலும் மூளைக்கு எம்ஆர்ஐயும், ஒளிரும் நெறிக்குப் பயாப்ஸியும். சிடியிலேயே பல இடம் பரவியது தெளிவாகத் தெரிந்துவிட்டால் பெட் சிடியின் அவசரம் குறைகிறது. அந்தப் பணம் மரபணுப் பரிசோதனைக்குப் போனால் மாத்திரைச் சிகிச்சை கிடைக்குமா என்று தெரியும்.

வாய், தொண்டை: சின்னக் கட்டி, நேரே ஆபரேஷன் என்றால் சிடியோ எம்ஆர்ஐயோ போதும். ரேடியேஷன், கீமோ முடித்தவருக்கு 12 வாரத்தில் பெட் சிடி.

கருப்பை வாய்: கட்டி எங்கே வரை போயிருக்கிறது என்று பார்க்க எம்ஆர்ஐ. நோய் முற்றியிருந்தால், ரேடியேஷன் எந்த உயரம் வரை கொடுப்பது என்று முடிவு செய்ய வயிற்று நெறிக்கட்டிகளுக்குப் பெட் சிடி கைகொடுக்கும்.

மலக்குடல்: இடுப்புக்கு எம்ஆர்ஐ, மார்புக்கும் வயிற்றுக்கும் சிடி. பெட் சிடி சந்தேகம் தீராத போது மட்டும். கல்லீரல்: மூன்று கட்டமாக எடுக்கும் மருந்து ஊசி சிடியோ எம்ஆர்ஐயோ. ஆரம்பநிலை மார்பகம்: எதுவும் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள்.

## பதிவு செய்வதற்கு முன்

காப்பீட்டு அட்டை இருந்தால், தனியார் மையத்தில் முன்பணம் கட்டுவதற்கு முன் சிகிச்சை எடுக்கும் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். சில அரசு மருத்துவமனைகளிலும் பெட் சிடி வந்துவிட்டது. வரிசை எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி. இலங்கையில் மகரகம அபேக்ஷா மருத்துவமனைக்கு ஒரு பெட் கருவி வாங்க 2016இல் பொதுமக்களிடமே நிதி திரட்டினார்கள். பக்கத்திலேயே கிடைக்கிறவர்கள் பெறுமதியை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: பயாப்ஸி ரிப்போர்ட், பழைய ஸ்கேன் டிஸ்க், கடைசிக் கீமோ தேதி, ரேடியேஷன் முடிந்த தேதி, முன்பு காசநோய்க்கு மாத்திரை எடுத்திருந்தால் அந்த வருடம். கடைசியில் சொன்னதைப் பெரும்பாலானவர்கள் யாரும் கேட்காததால் சொல்வதில்லை. ரிப்போர்ட் எழுதுபவருக்கு அது மிக உதவியான தகவல்.

சிகிச்சைக்கு நடுவில் மறுபடி எடுக்க வேண்டியிருந்தால், முடிந்தவரை அதே மையத்தில், அதே கருவியில், ஊசிக்குப் பின் அதே இடைவெளியில் எடுங்கள். ஒளிர்வு எவ்வளவு என்று சொல்ல எஸ்யூவி என்று ரிப்போர்ட்டில் வரும் எண் கருவிக்குக் கருவி, சர்க்கரைக்குச் சர்க்கரை கொஞ்சம் மாறும். 6.2 இருந்தது 7.1 ஆகிவிட்டது என்று இரண்டு ஊர் ரிப்போர்ட்களை வைத்துக்கொண்டு நள்ளிரவில் கணக்குப் போடாதீர்கள். அச்சடித்த ஃபிலிம் போதாது. முழுப் படமும் உள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, மருத்துவமனை வளாகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் அது திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.